ஏழரையும் எண்பதும்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை திருநள்ளாற்றில் இருந்தேன். ஏழரைக்காக இல்லை, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக. (நம்புகிறவர்கள் நம்பலாம்.) காரைக்கால் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு மாமியாரும் மருமகளும். மருமகளுக்கு ஏழு மாதம் இருக்கும். மடியில் பிரசாதப் பை, அதன்மேல் ரெக்கார்டு நோட்டு. நர்சிங் மூன்றாம் வருஷமாம்.

"அர்ச்சனை பண்ணியாச்சு, இனி எல்லாம் சரியாயிடும்" என்றார் மாமியார்.

"சனீஸ்வரன் விட்டுடுவார் அத்தை, அட்டென்டன்ஸ் விடாது" என்றாள் மருமகள்.

சிரித்துவிட்டேன். "ஏம்மா, அவ்வளவு கண்டிப்பா?" என்று கேட்டேன்.

"பொறந்து இருபது நாள்ல வார்டுல நிக்கணும் சார். இல்லேன்னா ஜூனியர் பசங்களோட உக்காரணும்."

ஊருக்கு வந்து விதியை எடுத்துப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்களும் கேளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட பி.எஸ்ஸி. நர்சிங் விதிகளின்படி செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 5 நாள், ஆக 100 வேலை நாள். ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவிகிதம் வருகை இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். வராததற்கு என்ன காரணமாக இருந்தாலும் சரி என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வேறு. காய்ச்சலும் ஒன்று, காதுகுத்தும் ஒன்று, பிரசவமும் ஒன்று!

பி.காம். படித்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடுப்பு எடுக்கக்கூடியது 20 நாள். பேறுகாலப் பயன் பற்றிய சட்டமோ, பிரசவமான ஆறு வாரத்துக்கு ஒரு பெண்ணை வேலை வாங்கவே கூடாது என்கிறது. ஆறு வாரம் என்றால் 30 வேலை நாள். வரவு 20, செலவு 30. செமஸ்டர் லீவில் குழந்தை பிறந்தால் தப்பிக்கலாம். அதற்கு எந்தக் கோயில் என்று தெரியவில்லை.

மாணவி ஊழியர் இல்லை. அதனால் அந்தச் சட்டம் அவளுக்கு இல்லை. அதே வார்டில் வேலை பார்க்கும் நிரந்தர நர்ஸுக்கு சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் உண்டு. பக்கத்தில் நின்று படுக்கை விரிக்கிற மாணவிக்குத்தான் விரல்விட்டு எண்ணுகிறோம். இதில் கொடுமை என்னவென்றால், ஆறாவது, ஏழாவது செமஸ்டரில் அவள் படிப்பதே மகப்பேறு நர்சிங். பிரசவத்துக்குப் பின் உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப ஆறு வாரம் ஆகும் என்று அவளே எழுதி மார்க் வாங்க வேண்டும். வாங்குவாள், ஹாலுக்குள் விட்டால்.

"நாளைக்கு எனக்கு ஊசி போடப்போகிறவள் அரைகுறையாகப் படித்துவிட்டு வரலாமா?" என்று கேட்பீர்கள். நியாயம். நானும் ஊசி போட்டுக்கொள்கிறவன்தான். ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் நூற்றுக்கு நூறு வருகை வேண்டும். அருமையான வரி. விட்டதைப் பிறகு வந்து முடி என்றுதானே அர்த்தம்? முடிக்கத்தான் போகிறாள் என்றால் நடுவில் எதற்கு அந்த 80 என்ற கதவு?

மற்ற படிப்புகளில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2016-ல் கேரள உயர் நீதிமன்றம், கர்ப்பத்தைக் காட்டி வருகையில் சலுகை கேட்க முடியாது என்று ஒரு பி.எட். மாணவியைத் திருப்பி அனுப்பியது. 2023 ஜனவரியில் அதே கேரளத்தின் அரசு, உயர்கல்வித் துறையின் கீழுள்ள பல்கலைக்கழகங்களில் 18 வயது நிறைந்த மாணவிகளுக்கு 60 நாள் வரை பேறுகால விடுப்பு என்றது. நடுவில், 2021 டிசம்பரில், யு.ஜி.சி. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதி, இப்படி விதி வகுக்கச் சொன்னது. 2023 மே மாதம் ஓர் எம்.எட். மாணவியின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், படிப்பா பிள்ளையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க வைக்கக் கூடாது என்றது.

"படிக்கிற வயசில் என்ன பிள்ளை?" என்று முகம் சுளிக்கிறவர்கள், கல்யாணத்துக்கு அட்சதை போட்டவர்களாகவும் இருக்கிறார்கள்.

1947-ம் வருஷத்து நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய ஆணையம் அமைக்க 2023-ல் புதுச் சட்டம் நிறைவேறியது. புது விதி எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். அந்த அடைப்புக்குறிக்குள் 'பிரசவம் நீங்கலாக' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும்.