விசிலுக்குத் திரும்புகிறவர்கள்: புதுச்சேரிக் கடற்கரையும் போலீசும்

"பீச்சுல இன்னும் போலீசப் போடணும்." புத்தாண்டு இரவு கழிந்த மறுநாளும், வெளியூர்ப் பையன்கள் யாராவது அலையில் போன மறுநாளும், சங்கிலி அறுப்புச் செய்தி வந்த மறுநாளும் இந்த வாக்கியம் புதுச்சேரியில் திரும்பி வந்துவிடுகிறது. ஓட்டல்காரர்கள் சொல்கிறார்கள், வணிகர்கள் சொல்கிறார்கள், காலை நடைக்கு வரும் பெரியவர்கள் சொல்கிறார்கள். இதை மேட்டுக்குடிக் குரல் என்று ஒதுக்கிவிட முடிந்தால் நமக்கு வசதியாக இருக்கும். அப்படி ஒதுக்க முடியாது. பெண்கள் இயக்கங்களில் இருக்கும் தோழர்களும், குப்பங்களில் இருப்பவர்களும்கூட இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எதிர்க்கிற நாமோ 'போலீஸ் ராஜ்ஜியம்' என்று ஒரு கோஷத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். இரண்டு தரப்புமே 'பாதுகாப்பு' என்கிற சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தண்ணீரிலிருந்து காப்பது, பெண்களைச் சீண்டுகிறவர்களிடமிருந்து காப்பது, ராஜ் நிவாசையும் ஓட்டல்களையும் சுற்றுலாவையும் காப்பது ஆகிய மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. முதல் இரண்டின் பேரைச் சொல்லிப் போலீஸ் வருகிறது. வந்தபின் செய்வது பெரும்பாலும் மூன்றாவதை.

அல்தூசர் 1970இல் கருத்தியல் அரசு எந்திரங்கள் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு தெருக்காட்சி உண்டு. போலீஸ்காரர் பின்னாலிருந்து கூப்பிடுகிறார். கூப்பிடப்பட்டவர் திரும்புகிறார். அந்தத் திரும்பலில்தான் அவர் அரசின் ஆளாக, ஒரு தன்னிலையாக ஆகிப்போகிறார் என்பது வாதம். நிறையப் பேர் நிறைய முறை எடுத்தாண்ட காட்சிதான் என்றாலும் தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஏனென்றால் தமிழில் ஒருவரைக் கூப்பிடும்போதே அவர் யார் என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. கடற்கரைச் சாலையின் கற்கள்மேல் ஒரு மாலை நேரம் உட்கார்ந்திருந்து காதைக் கொடுத்துப் பாருங்கள். பெங்களூரிலிருந்து வந்த குடும்பத்துக்கு "சார், கல்லு மேல ஏறாதீங்க, வழுக்கும்." கொஞ்சம் நடுத்தரமாகத் தெரிகிறவருக்கு "எறங்குப்பா." வாய்க்காலுக்கு மேற்கேயிருந்து வந்த, செருப்புத் தேய்ந்த பையனுக்கு "டேய், எறங்குடா, எந்த ஊருடா நீ?" ஒரே கல், ஒரே வழுக்கல், ஒரே கடல். விகுதி மட்டும் வேறு. 'எந்த ஊரு' என்ற கேள்வி அதோடு நிற்பதில்லை. 'எந்தத் தெரு' என்று அடுத்தது வரும். நம் ஊரில் தெருவைக் கேட்பது எதைக் கேட்பது என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: "அப்பா நம்பர் சொல்லு." பெண்ணைக் காக்க வந்தவர் முதலில் செய்வது அவளை அப்பனிடம் ஒப்படைப்பது.

விசில் இதில் ஒரு தந்திரம். விசிலுக்கு விகுதி கிடையாது. எல்லாரையும் சமமாகக் கூப்பிடுவது போல இருக்கும். ஆனால் யார் திரும்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சுற்றுலாக்காரர் திரும்புவதில்லை, அது தனக்கில்லை என்று அவருக்குத் தெரியும். வலையோடு கரையில் நிற்கிற மீனவரும் திரும்புவதில்லை, இந்தக் கரை தன்னுடையது என்பது அவருடைய நினைப்பு. கடற்கரைக்கு வர உரிமை உண்டா என்று உள்ளுக்குள் சந்தேகம் இருக்கிறவன்தான் திரும்புகிறான்.

அந்தச் சந்தேகம் வந்த வழி பழையது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை ஒரு வாய்க்காலால் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று பிரித்தார்கள். கடல் வெள்ளை நகரத்தின் பக்கம் விழுந்தது. கூர் ஷப்ரோல் என்று பேர் வைக்கப்பட்ட கடலோர வீதி பிறகு கூபேர் பெயரைப் பெற்றது. பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியவராக நெடுங்காலம் இருந்து, காற்று மாறியதும் இந்தியப் பக்கம் வந்து, 1963இல் முதலமைச்சரும் ஆன கூபேர்! (அந்தச் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைத்திருக்காது.) வாய்க்காலைத் தாண்டி மாலையில் காற்று வாங்க வருவது இன்றும் ஒரு வகையில் 'அந்தப் பக்கம்' போவதுதான்.

இதில் மணலின் கதையையும் சேர்க்க வேண்டும். 1952 புயல் கொண்டுபோகும் வரை, 1866இல் கட்டிய இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது. அன்றைக்கு இங்கே மணல் இருந்தது. 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே குவிந்தது, வடக்கே நகரத்தின் முன்னால் கரைந்துபோனது. கரைந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல்லுக்கு 'ராக் பீச்' என்று பேர் வைத்துச் சுற்றுலாவுக்கு விற்றும் விட்டார்கள். வடக்கே இருக்கிற குப்பங்களுக்குப் படகு ஏற்றி வைக்கவும் வலை காயப்போடவும் இருந்த இடம் போனது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. இது சூழலியல் கதை மட்டுமல்ல, போலீஸ் கதையும்தான். மணலில் ஒருவர் உட்காரலாம், படுக்கலாம், வலையைப் பிரித்துப் போடலாம், கூட்டம் போடலாம். சாலையில் அதெல்லாம் முடியாது. சாலையில் நிற்கிறவனைப் பார்த்து 'நடந்துகிட்டே இரு' என்று சொல்லச் சட்டம் உண்டு. கடற்கரை கடற்கரைச் சாலையாக மாறிய அன்றைக்கே அது போலீசுக்குச் சுலபமான இடமாகிவிட்டது.

கண்காணிப்பு இந்த ஊருக்குப் புதுசு இல்லை. 1908இல் பாரதி இங்கே வந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பின்னாலேயே பிரிட்டிஷ் உளவாளிகளும் வந்து இறங்கினார்கள். 1911இல் ஆஷ் கொலைக்குப் பிறகு நெருக்கல் இன்னும் கூடியது. பத்து வருஷம் சொந்த நாட்டுப் போலீசின் கண்ணில் படாத இடமில்லை என்று வாழ்ந்த பாரதி, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைதானார். நாம் பாரதியைப் பற்றிப் பேசும்போது கடற்கரையையும் குயிலையும் பேசுகிறோம், பின்னால் வந்த ஒற்றனைப் பேசுவதில்லை. பிரெஞ்சுப் போலீசும் சாது அல்ல. 1936 ஜூலை 30இல் எட்டு மணி நேர வேலைக்காகவும் சங்க உரிமைக்காகவும் நின்ற ஆலைத் தொழிலாளிகள்மேல் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அந்த அரசின் போலீஸ் போட்டிருந்த சிவப்புக் கெப்பித் தொப்பியின் வழித்தோன்றலைத்தான் இன்றைய புதுச்சேரிக் காவலர் போட்டிருக்கிறார். அதை இன்று பாரம்பரியம் என்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கண்காணிப்பு கோபுரத்தைப் பற்றி எழுதிய ஃபூக்கோ, கைதிகள் கோபுரத்தோடு படம் பிடித்துக்கொள்வார்கள் என்று யோசித்திருக்க மாட்டார். பார்க்கிறவரே பார்வைப்பொருளாக நிற்கும்போது அதிகாரம் கரைந்துவிட்டது போல ஒரு தோற்றம் வருகிறது. சிலருக்குத்தான் அது தோற்றம். தொப்பியோடு படம் எடுத்துக்கொள்கிறவனும் அந்தத் தொப்பியால் விரட்டப்படுகிறவனும் ஒருவன் இல்லை.

அரசுக்கு இந்தச் சாலை எதற்கு வேண்டும் என்பதை அது மறைப்பதே இல்லை. சுதந்திர தினத்துக்குக் காந்தி சிலைக்குப் பக்கத்தில் அணிவகுப்பு நடக்கிறது. எதிரே பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் ஜூலை 14க்கு மலர்வளையம். அரசு கூடலாம், ஊர் கூடினால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. 2021 ஜனவரியில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடியைத் திரும்பப் பெறச் சொல்லி ஆளும் கூட்டணியே போராட்டம் அறிவித்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். மத்தியப் படைகள் வந்தன, ராஜ் நிவாசைச் சுற்றிய தெருக்களில் தடுப்புகள் முளைத்தன, முதலமைச்சர் நாராயணசாமியின் தர்ணா வேறு சாலைக்குப் போனது. 2019இல் அதே வாசலில் கறுப்புச் சட்டையோடு ஐந்தாறு நாள் உட்கார்ந்தவர் அவர். தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சரையே நகர்த்த முடிகிற தடுப்பு, வாய்க்காலுக்கு மேற்கே இருப்பவனை என்ன செய்யும்? இது யூனியன் பிரதேசம். இங்கே 'நம் போலீஸ்' என்று சொல்லும்போது அந்த 'நம்' யாரைக் குறிக்கிறது என்பதே தகராறில் இருக்கிறது. கூடுதல் போலீஸ் கேட்கிறவர்கள் அது யார் உத்தரவில் நிற்கும் என்று கேட்பதில்லை.

சென்னையைப் பார்த்தாவது யோசிக்கலாம். 2017 ஜனவரி 23 காலை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்தவர்களைப் போலீஸ் கலைத்தது. அடியும் தீயும் கடைசியில் போய் விழுந்தது நடுக்குப்பத்தில். மீன் சந்தை எரிந்தது. அதற்குப் பின் மெரினாவில் போராட இடமில்லை என்ற அரசின் நிலையை 2018இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காற்று வாங்கலாம், சுண்டல் தின்னலாம், கேள்வி கேட்கக் கூடாது. கொழும்பில் காலிமுகத் திடலில் 2022 ஏப்ரலில் தொடங்கிய போராட்டக் களத்தை ஜூலை 22 விடியலில் ராணுவமும் போலீசும் பிய்த்தெறிந்தன. கடலோரத் திறந்தவெளி என்றால் அரசுகளுக்கு ஏன் இந்தப் பதற்றம் என்று தனியாகவே எழுதலாம்.

இதுவரை எழுதியது எனக்குச் சுலபமான பகுதி. கஷ்டமானது இனிமேல். இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது ஒரு தோழி எழுந்தார். "போலீஸ் நிக்கிற எடத்துல நான் ராத்திரி எட்டரை மணி வரைக்கும் தனியா உக்கார முடியுது. ஒங்க தியரி எனக்கு அந்த எட்டரை மணியக் குடுக்குமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டை சோலை நகரில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது ஊர் கொதித்தது, கடையடைப்பு நடந்தது. கஞ்சாவை ஒழி, போலீசே தூங்காதே என்று கேட்டவர்கள் அந்தத் தெருக்களின் சனங்கள்தான். அவர்களிடம் போய்க் கண்காணிப்புச் சமூகம் பற்றி வகுப்பெடுப்பது அயோக்கியத்தனம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோலை நகரும் கடலோரம்தான். போலீஸ் குறைவு என்று அந்தச் சனங்கள் சொன்னது தங்கள் தெருவை. கூடுதல் போலீஸ் என்று பேச்சு வரும்போது அது போய் நிற்பது சுற்றுலா விளக்குகள் எரியும் ஒன்றரை கிலோமீட்டரில். ஒரு தெருவின் துக்கம் இன்னொரு தெருவின் காவலாக மாற்றப்படுகிறது.

மும்பைப் பெண்களை வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் 'வொய் லாய்ட்டர்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பெண்ணுக்கு வேண்டியது பாதுகாப்பு மட்டுமல்ல, காரணம் சொல்லாமல் சும்மா திரிகிற உரிமை என்பது அதன் வாதம். பாதுகாப்பு என்ற பேரில் வருவது ஒரு பெண்ணை நல்லவளாக நிரூபிக்கச் சொல்லும், கூடவே ஏழை ஆண்களைத் தெருவிலிருந்து துரத்தும். அப்பா நம்பர் கேட்கிற காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். தோழியின் எட்டரை மணி நிஜம். ஆனால் அவரே ஒரு பையனோடு உட்கார்ந்தால் அந்த எட்டரை மணி ஏழாகச் சுருங்கும் என்பதும் நிஜம். இதை அவர் மறுக்கவில்லை.

தண்ணீர்ச் சாவுகளில் குழப்பம் இன்னும் மோசம். அலையில் போகிறவனைக் காப்பாற்ற நீந்தத் தெரிந்த, மிதவை வைத்திருக்கிற, அந்த இடத்து நீரோட்டம் தெரிந்த ஆள் வேண்டும். லத்தி மிதக்காது. சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரை 2021இல் நீலக் கொடிச் சான்று வாங்கியது. அந்தச் சான்றுக்கான 33 அளவுகோல்களில் உயிர்காப்பு ஆட்களும் உண்டு. அப்படியானால் வெளிநாட்டுச் சான்றுக்கு வேண்டியது வைத்திக்குப்பத்துக்கும் குருசுக்குப்பத்துக்கும் ஏன் வேண்டாம்? கடலை அறிந்த மீனவ இளைஞர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து உயிர்காப்பு வேலையில் போடுவதைவிட, அவர்களையே சந்தேகப்படப் போலீசைப் போடுவது அரசுக்கு இயல்பாக வருகிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோர மீனவர்களுக்குக் கைரேகை அட்டை வந்தது. தன் கடலுக்குப் போக அடையாளம் காட்ட வேண்டியவனாக மீனவன் ஆனான். 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனது துப்பாக்கிச்சூட்டில் முடிந்து மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தில் லூப் சாலை ஓர மீன் கடைகளை அப்புறப்படுத்தினார்கள். முப்பத்தெட்டு வருஷ இடைவெளியில் சொன்ன காரணம் மட்டும் மாறியது, அழகுக்குப் பதில் போக்குவரத்து. மலிவுச் சாராயத்தைக் காட்டி வாரக் கடைசிக்கு ஆளைக் கூப்பிடுகிற அரசு, குடித்தவனைச் சமாளிக்கப் போலீஸ் வேண்டும் என்று நம்மிடமே கேட்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். "கக்கூசப் பத்தி ஒரு வரிகூட இல்ல. ராத்திரி பீச்சுல ஒரு பொம்பள எவ்ளோ நேரம் இருக்க முடியும்ங்கறத முடிவு பண்றது அதுதான். வெளக்கு, பஸ்ஸு, கக்கூசு. அல்தூசருக்கு ஒரு பாரா குடுத்திருக்க" என்றார். அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் உயிர்காப்பு ஆட்களையும் முதலில் வைத்து, எத்தனை போலீஸ் என்ற கேள்வியை அதற்குப் பிறகு எடுப்பது என்று பேசியிருக்கிறோம். போலீசை வேண்டவே வேண்டாம் என்று தீர்மானத்தில் எழுத அவர் சம்மதிக்கவில்லை. 'அப்பா நம்பர் கேட்கக் கூடாது' என்பதை எழுத வேண்டும் என்றார்.