வள்ளலார் சைவரா? பெயரும் அளவுகோலும்

ஒரு சமயத்தின் பெயரைச் சூடும் உரிமை யாருக்கு உண்டு? சூடுகின்றவர் சொல் முடிவா, அச்சமயத்தின் மரபு சொல்வது முடிவா? தமிழ்ச் சைவ உலகில் இவ்வினா இராமலிங்க அடிகளாரை முன்னிட்டு எழுந்தது. 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் முற்றும் ஓயவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட நம் பேராத் தோட்டங்களிலும், கோயிலிலும் பள்ளியிலும் தேவாரத்தோடு அருட்பா ஒலிக்கிறது. இரண்டும் திருமுறையா, வள்ளலார் சைவரா என்று கேட்டால் தமிழாசிரியர் இருவகையாகத் தப்பித்துக்கொள்வதுண்டு. ‘எல்லாம் ஒன்றே’ என்பது ஒன்று. ‘பெரியோரைப் பற்றி ஆராயலாகாது’ என்பது மற்றொன்று. இரண்டும் விடையாகா.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். அடிகளாரின் பாடல்களுள் முதல் நான்கு பகுதிகள் 1867இல் அச்சேறின. நூலுக்குத் ‘திருவருட்பா’ என்று பெயரிட்டு, அதனைத் ‘திருமுறை’களாகப் பகுத்தவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். அடிகளாரோ தம் பெயரோடு ‘சாமி’ என்று சேர்ப்பதையே விரும்பாதவர். மாணவர் அன்பினால் இட்ட அவ்விரு சொற்களே பூசலுக்கு வித்தாயின. சைவர்க்குத் திருமுறை பன்னிரண்டு. அவற்றுள்ளும் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்துமே கோயில் வழிபாட்டில் அருட்பாவென ஓதப்பெறுவன. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் இதனை எடுத்துக்காட்டி, புதிய நூலைப் ‘போலியருட்பா’ என மறுத்தார். பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. ஆங்கு ஆராயப்பட்டது அவதூறு, அருள் அன்று. ஆதலின் அவ்வழக்கைப் பற்றி மேடைகளில் சொல்லப்படும் சுவையான கதைகள் நம் வினாவுக்கு விடை தாரா.

நாவலர் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. இளமையில் பார்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழாக்கியவர் அவர். வேதம் என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டால் என்ன பொருள், அதன் எல்லையைக் காவாவிடில் என்ன நேரும் என்பவற்றை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருமுறை என்பது பாட்டின் இனிமைக்கு அளிக்கும் பட்டமன்று. ஒரு சமயத்தார் கூடி வழிபாட்டில் ஏற்றுக்கொண்ட தொகுதியின் பெயர். நம்பியாண்டார் நம்பி தொகுத்தவற்றோடு சேக்கிழார் நூல் பிற்காலத்தே பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது உண்மையே. எனினும் அதனைச் சேர்த்தது சைவ மரபு. தனியொரு பதிப்பாசிரியர் அல்லர்.

நாவலர் தவறியது அதற்கடுத்த படியில். ‘இது திருமுறை அன்று’ என்பதோடு நில்லாது, ‘ஆதலின் இது அருளால் வந்ததன்று’ என்று அவர் மேற்சென்றார். இது பொருந்தாது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பன்னிரு திருமுறையுள் இல்லை. தாயுமானவர் பாடலும் இல்லை. அவர்கள் அருள் பெறாதவர் என்று எந்தச் சைவர் சொல்வார்? தொகுதியின் எல்லையை வரையறுக்க மரபுக்கு உரிமை உண்டு. அருளின் எல்லையை வரையறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பூசல் மீண்டும் மூண்டது. நா. கதிரைவேற்பிள்ளை மறுத்தார், மறைமலையடிகள் அருட்பாவின் பக்கம் நின்றார். கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் இசுலாமியராக இருந்தும் அருட்பாவுக்காக வாதாடினார். சைவர் இருவர் எதிரெதிரே நிற்க, சைவரல்லாத ஒருவர் துணைக்கு வந்தமை, பாட்டின் தகுதி வேறு, சமயப் பெயர் வேறு என்பதைக் காட்டவில்லையா?

இனி, வள்ளலார் சைவரா என்னும் இரண்டாம் வினா. கந்தகோட்டத்து முருகன்மேல் தெய்வமணிமாலையும், திருவொற்றியூர் அம்மைமேல் வடிவுடை மாணிக்க மாலையும் பாடிய காலத்து அவர் ஐயமின்றிச் சைவர். 1885இல் வெளிவந்த ஆறாந் திருமுறையோ சாதியையும் சமயத்தையும் சாத்திரச் சழக்குகளையும் ஒருசேர விலக்குகிறது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், சைவம் வைணவம் முதலிய சமயங்களில் பற்று வைக்க வேண்டா என்றார். தமக்கு முன்பு சைவத்தில் இருந்த அழுத்தமான பற்றையும் தாமே குறிப்பிட்டு, அது போயிற்று என்றார். ஆறாந் திருமுறையிலும் அம்பலம், நடம், சிவம் என்னும் சொற்கள் நிறைந்துள்ளனவே எனலாம். உண்மையே. அது அவர் வந்த வழியின் மொழி. வழியின் மொழியை மட்டும் கொண்டு சென்று சேர்ந்த ஊரைத் தீர்மானித்தல் ஆகாது.

கிறிஸ்தவ உலகத்து வழக்கொன்று இங்கே ஒப்புநோக்கத் தக்கது. அமெரிக்காவில் 1830இல் ஜோசப் ஸ்மித் தோற்றுவித்த சபையினரை உலகம் மார்மன்கள் என்கிறது. அவர்கள் சபைப் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறார். தாங்கள் கிறிஸ்தவரே என்பது அவர்கள் உறுதி. ஆயினும் விவிலியத்தோடு மார்மன் நூலையும் வேதமாகக் கொள்வதாலும், கி.பி. 325இல் கூடிய நைசியா அவையின் வழிவந்த திரித்துவக் கொள்கையை ஏலாமையாலும் பிற சபைகள் பல அவர்களைத் தம்மவராகக் கொள்வதில்லை. அவர்கள் தரும் ஞானஸ்நானம் செல்லாதெனக் கத்தோலிக்க சபை 2001இல் அறிவித்தது. கிறிஸ்துவை இரட்சகராக வழிபடுதல் அளவுகோலாயின் அவர்கள் கிறிஸ்தவர். நைசியா அறிக்கை அளவுகோலாயின் அல்லர். அளவுகோலைச் சொல்லாமல் ஆம் என்பதும் அல்ல என்பதும் வெற்றொலியே.

வள்ளலார் செய்தி இதற்கு நேர்மாறானது. மார்மன்கள் கேட்கும் பெயரை மரபு மறுக்கிறது. வள்ளலார் கழற்றிவைத்த பெயரை அன்பர்கள் மீண்டும் அவர்மேல் சூட்டுகின்றனர். நாவலர் வழியினர் அவரை வெளியே தள்ளினர். இன்றையோர் உள்ளே இழுக்கின்றனர். இருசாராரும் அவரையே கேட்கத் தவறினர். வடலூர்ச் சத்திய ஞான சபையில் சிவலிங்க வழிபாடு அவர் வகுத்த நெறிக்கு ஒவ்வாதென அறநிலையத் துறை 2006இல் ஆணையிட்டது. அதனை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2010இல் தள்ளிற்று. அவ்வாணையைப் பிறப்பித்த துறையின் பெயரிலேயே ‘இந்து சமய’ என்னும் அடைமொழி இருப்பது, பெயர்ச் சிக்கல் எத்துணை ஆழமானது என்பதற்குச் சான்று.

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலையில் காவடி ஆடும். அதே நாளில் வடலூரில் திரைகள் விலகிச் சோதி தெரியும். இரண்டையும் ஒருவரே வணங்கலாம். அது அவரவர் அன்பு. வகுப்பறையிலோ வேறுபாட்டை மறைத்தல் அன்பாகாது. பன்னிரு திருமுறை ஓதும் போட்டியில் அருட்பாவைச் சேர்க்காமை வள்ளலாருக்கு இழுக்கன்று. பள்ளி இறைவணக்கத்தில் அருட்பாவைப் பாடுவது சைவத்துக்குக் குறைவுமன்று. வள்ளலார் சைவத்தில் பிறந்தார், சைவத்தால் வளர்ந்தார், தம் வாய்மொழிப்படியே சைவத்தைக் கடந்தார். முதல் ஐந்து திருமுறைகளை மட்டும் கற்பித்து ஆறாவதை மூடிவைப்போமாயின், அவரைப் போற்றியவர் ஆகமாட்டோம். பாதி வழியில் நிறுத்தியவர் ஆவோம்.