குச்சியால் தட்டிக் கேட்பது

வீட்டில் கட்டிய வால்வு ஆம்ப்பில் முதன்முறை சுவிட்சைப் போட்டால், கிட்டாருக்கு முன் உறுமலோ ஊளையோ வந்து நிற்கும். 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சுற்றில் மூன்றே வால்வுகள்: 12ஏஎக்ஸ்7, 6வி6, 5ஒய்3. அதனால்தான் அதில் பழுது தேடுவது அத்தனை இன்பம். காய்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு பற்றவைப்பாகத் தட்டிக்கொண்டே போங்கள். சரியாகப் பிடிக்காத இடம் ஸ்பீக்கரில் கரகரவென்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். விடாத ஊளை என்றால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருள் கம்பிகள் இரண்டும் இடம் மாறி, எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகியிருக்கலாம். அவற்றை மாற்றிப் பற்றவைத்ததும் வருகிற அமைதி, எனக்கு முதல் சுரத்தைவிட இனிது. ஒன்று மட்டும்: மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்க்காமல் உள்ளே விரல் வைக்காதீர்கள்.