யாரும் எட்டிப் பார்க்காத வகுப்பறை

ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுப்பார். வேலையிடத்தில் பேசுவதையும் குழுவாக இயங்குவதையும் கற்பிக்கும் பயிற்றுநர்களை உருவாக்க நடக்கும் முகாம்களை யாராவது குறை சொன்னால் உடனே வரும் பதில் இது. சில நாள் முகாம், முடிவில் சான்றிதழ், மறு வாரமே வகுப்பறை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்று இலக்கு வைத்த பிறகு இந்தப் பதிலுக்கு எடை கூடியிருக்கிறது. அவ்வளவு பேருக்கும் நேரடியாகக் கற்பிக்க நிபுணர்கள் எங்கே இருக்கிறார்கள், அடுக்கடுக்காகப் பயிற்றுநர்களை உருவாக்குவதைத் தவிர வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அடுக்கில் மேலிருந்து கீழே வந்து சேர்வது என்ன என்பதையும் கேட்க வேண்டும்.

நல்லவை உண்டு. வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் வந்து கைதட்டல் வாங்கிப் போவதைவிட, ஆண்டு முழுவதும் மாணவர்களோடு இருக்கும் ஆசிரியரே இதைக் கற்பிப்பது மேல். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்த பையன் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று தன் பெயரையும் ஊரையும் கூச்சமில்லாமல் சொல்ல இந்த வகுப்புகள் இடம் கொடுக்கின்றன. தமிழில் விளக்கும் பயிற்றுநர் சிற்றூர்களுக்குக் கிடைப்பதும் இந்த முறையால்தான். செலவும் குறைவு.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. முகாம் முடிந்து ஊருக்குப் போன பயிற்றுநர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதை அநேகமாக யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களையே எடுத்துக்கொள்ளலாம். ஐடிஐயில் வெல்டர், ஃபிட்டர் போன்ற பிரிவுகளுக்குப் பயிற்றுநராக விரும்புகிறவர்களுக்கென்று ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் அதை நடத்துகிறார்கள். தொழிலோடு கற்பிக்கும் முறையையும் அங்கே படிக்க வேண்டும். பாடக் குறிப்பு எழுத வேண்டும். செய்து காட்ட வேண்டும். பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதே ஐடிஐயில் ‘எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்’ என்ற பொதுப் பாடமும் உண்டு. பேச்சு, குழு வேலை, நேர்காணல் எல்லாம் அதற்குள் அடங்கும். அதை நடத்துபவருக்கு மத்திய அரசின் பாடத்திட்டம் கேட்பது ஒரு பட்டம் அல்லது டிப்ளமோ, இரண்டு ஆண்டு அனுபவம், கூடவே குறுகிய காலப் பயிற்றுநர் பயிற்சி. முன்பு சமூகக் கல்வி நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்களும் அந்தக் குறுகிய காலப் பயிற்சியை முடித்துவிட்டு இந்தப் பாடத்துக்கு வரலாம்.

இரும்பை இரும்போடு சேர்க்கக் கற்பிப்பவருக்கு ஓராண்டு தேவை என்று ஒப்புக்கொண்ட ஒரு துறை, மனிதர்கள் சேர்ந்து வேலை செய்யக் கற்பிப்பதைச் சுலபம் என்று நினைத்துவிட்டது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலான முகாம்கள் ஒரே அச்சில் நடக்கின்றன. முதலில் ஐஸ் பிரேக்கர். பிறகு ஸ்லைடுகள். பிறகு செய்தித்தாளால் கோபுரம் கட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு சக ஊழியரின் குரலை நம்பி நடப்பது போன்ற ஆக்டிவிட்டிகள். முகாமுக்கு வந்த ஆசிரியர் இவற்றில் மாணவராகக் கலந்துகொள்கிறார். கையேட்டையும் ஸ்லைடுகளையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார். கடைசி நாளில் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசிக் காட்டச் சொல்வதும் உண்டு. அப்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சக ஆசிரியர்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் பின் கண்ணயரும் பதினெட்டு வயதுப் பையன்களும், வாயே திறக்காத பெண்களும், எல்லாவற்றுக்கும் தானே முந்திக்கொள்ளும் ஒருவனும் அங்கே இல்லை.

அவர்கள் இருக்கும் வகுப்பில் அந்தக் கோபுரத்தைக் கட்டச் சொன்னால் என்ன நடக்கிறது? ஆறு பேர் கொண்ட ஒரு குழு. அடிப்பாகத்தை அகலமாக வைக்கலாம் என்று ஒரு பெண் மெதுவாகச் சொல்கிறாள். யாரும் காதில் வாங்கவில்லை. மூன்று நிமிடம் கழித்து ஒரு பையன் அதையே உரக்கச் சொல்கிறான், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இரண்டு பேர் ஒதுங்கி நின்று கைப்பேசி பார்க்கிறார்கள். கோபுரம் உயரமாக எழுகிறது. பயிற்றுநர் அளந்து பார்த்து, அந்தக் குழுவைப் பாராட்டி, “இதுதான் டீம் ஒர்க்” என்று முடிக்கிறார். இத்தகைய வகுப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. அன்று கற்பிக்க வேண்டியது முழுவதும் அந்த மூன்று நிமிடத்துக்குள் இருந்தது. அதைக் கண்ணில் பிடிக்க வேண்டும். யார் மனமும் நோகாமல் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். பிறகு தான் வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பேசவிட வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தவரைத்தான் பயிற்றுநர் என்று சொல்ல முடியும். எந்த ஸ்லைடிலும் இது கிடைக்காது. அவர் அதைத் தவறவிடும்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்து, பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால்தான் வரும்.

இந்த உண்மை இத்துறை பிறந்தபோதே தெரிந்தது. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இன வேற்றுமையைக் களைய உழைக்கும் உள்ளூர்த் தலைவர்களுக்காக உளவியலாளர் கர்ட் லெவின் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். பகலில் குழுக்கள் விவாதிக்கும். ஓரமாக உட்கார்ந்த பார்வையாளர்கள் குறிப்பெடுப்பார்கள். இரவில் பயிற்றுநர்கள் மட்டும் கூடி அந்தக் குறிப்புகளை அலசுவார்கள். ஒருநாள் இரவு பங்கேற்பாளர்கள் சிலர் தாங்களும் கேட்கலாமா என்று வந்து உட்கார்ந்தார்கள். தன்னைப் பற்றிய குறிப்பைக் கேட்ட ஒருவர், நடந்தது அப்படி இல்லை என்று மறுத்தார். லெவின் அதைத் தடுக்காமல் வரவேற்றார். அடுத்தடுத்த இரவுகளில் அந்த அமர்வுக்குக் கூட்டம் கூடியது. தான் எப்படி நடந்துகொண்டோம் என்பதைப் பார்த்தவர் வாயால் கேட்பதே பெரிய பாடம் என்று அன்று தெரிந்தது. லெவின் 1947 பிப்ரவரியில் காலமானார். அந்தக் கோடையிலேயே மெய்ன் மாநிலத்தின் பெத்தேல் ஊரில் அவருடைய சகாக்கள் தொடங்கிய பயிற்சிக்கூடம் இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் எழுந்தது. குழுப் பயிற்சி என்று இன்று உலகம் முழுக்க நடப்பவற்றில் பெரும்பகுதிக்கு அதுதான் தாய்வீடு. விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் குறிப்பெடுத்தவரின் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

எறியாத துறை ஒன்று இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலையத்தின் மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். வேகமெடுத்துக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டிருந்தார். விலகிவிட்டது என்றார் கேப்டன். பேச்சு அதோடு நின்றது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே, சக்கரக் கோளாற்றில் கேப்டனின் கவனம் முழுவதும் இருந்தபோது எரிபொருள் தீர்ந்து யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று விழுந்து 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவது விமானி அறையில் இருந்த மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேப்டனுக்கு உறைக்கும்படி சொல்ல முடியவில்லை. 1979இல் நாசா இதற்கென்றே ஒரு கருத்தரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்குக் குழுப் பயிற்சியைத் தொடங்கியது. 1989 ஜூலையில் கட்டுப்பாட்டுக்கான ஹைட்ராலிக் அமைப்புகள் அனைத்தும் செயலிழந்த அதே நிறுவனத்தின் விமானம் ஒன்றை அமெரிக்காவின் சூ சிட்டியில் தரையிறக்க முயன்றபோது அதிலிருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அதன் கேப்டன் ஆல் ஹேன்ஸ் அந்தப் பயிற்சியை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்.

அந்தப் பயிற்சி வகுப்பறைச் சொற்பொழிவோடு நிற்பதில்லை. மாதிரி விமான அறையில் முழுக் குழுவும் ஒரு பயணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்துகிறது, பயிற்றுநர் குறுக்கிடுவதில்லை. முடிந்ததும் ஒளிப்பதிவை வைத்து, யார் எப்போது பேசினார், யார் பேசாமல் விழுங்கினார் என்று குழுவே தன்னை அலசுகிறது. அதோடும் விடவில்லை. 1990களில் நாசா ஆய்வாளர்கள் இந்த அலசல் அமர்வுகளை எடுத்துப் பயிற்றுநர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே திறமையில் மலையளவு வேறுபாடு தெரிந்தது. அதற்கேற்பப் பயிற்றுநர்களுக்கு வழிகாட்டி எழுதினார்கள். கற்பிப்பவரைக் கவனிப்பது அங்கே அவமானமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அது வேலையின் பகுதி.

விமானத்தோடு ஐடிஐயை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஒரகடத்திலோ கோவையிலோ பிரஸ் மெஷினில் நிற்கும் பையனுக்கு, டை விரிசல் விட்டிருப்பதைக் கண்டதும் சூப்பர்வைசரிடம் “சார், நிறுத்துங்க” என்று சொல்லத் தெரிந்திருப்பது அவன் விரல்களின் விஷயம். இரவு ஷிஃப்டில் நடந்ததைக் காலை ஷிஃப்டுக்கு வருபவரிடம், அவர் தமிழ் தெரியாத ஒடிசாக்காரராக இருந்தாலும், புரியும்படி சொல்லிவிட்டுப் போவதும் அப்படித்தான். வேலையிடப் பேச்சு என்பது இது. நேர்காணலில் கைகுலுக்குவது எப்படி என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் வகுப்பு, மேலதிகாரியிடம் மறுத்துப் பேசுவதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்காமல் போவதைத் திருத்த, அந்த வகுப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். உட்காரத்தான் ஆள் இல்லை.

கவனிப்பார் இல்லாத அடுக்கில் பிழையும் பத்திரமாகக் கீழே வருகிறது. பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்ற கணக்கைக் கேட்காத பயிற்சி மாணவர் அநேகமாக இருக்க மாட்டார். 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் சகாக்களோடு வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து பிறந்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களையும் குரல் தொனியையும் முகப் படங்களையும் வைத்து, பேசுபவருக்குக் கேட்பவர் மேல் விருப்பா வெறுப்பா என்பதை மட்டும் அளந்த ஆய்வுகள். உணர்வையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சைத் தவிர வேறெதற்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். ஆனாலும் அந்த ஸ்லைடு முதன்மைப் பயிற்றுநரிடமிருந்து பயிற்றுநருக்கும் அவரிடமிருந்து மாணவருக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. சொல்வதில் வெறும் 7 சதவீதம்தான் சேதி என்று நம்பும் பையன் இயந்திரக் கோளாற்றைச் சரியான சொற்களில் எழுதி வைக்க ஏன் மெனக்கெட வேண்டும்?

பார்வையாளரை அனுப்பப் பணம் எங்கே என்பது கடைசி எதிர்வாதம். இதற்கு விடை 1980களிலேயே கிடைத்துவிட்டது. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும், விளக்கிச் சொல்வதாலும் செய்து காட்டுவதாலும் மட்டும் புதிய முறை வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது மிகக் குறைவு என்றும், வகுப்பறையிலேயே தொடர்ந்து துணை கிடைக்கும்போதுதான் அது நிலைக்கிறது என்றும் கண்டார்கள். அந்தத் துணைக்கு நிபுணர் வேண்டியதில்லை. ஒரே முகாமில் படித்த இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் மாறி மாறி உட்கார்ந்தாலே போதும் என்றார்கள். பக்கத்து ஊர் ஐடிஐக்கு ஒரு பேருந்துக் கட்டணம், மாதத்தில் ஒரு அரை நாள், இருபது நிமிடம் பதிவாக்க ஒரு கைப்பேசி. முகாம் மண்டபத்தின் ஒருநாள் வாடகையில் இது பல மாதங்களுக்கு நடக்கும்.

பணத்தைச் சொல்லித் தட்டிக் கழிப்பவர்கள் உண்மையில் தட்டிக் கழிப்பது அளவீட்டை. பயிற்சியை நான்கு படிகளில் அளக்க வேண்டும் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதினார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு என்ன. நம் முகாம்களில் கடைசி நாள் மாலையில் கொடுக்கப்படும் படிவம் முதல் படியைத் தாண்டுவதில்லை. அரங்கம், உணவு, பேச்சாளர் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ விழுகிறது. அறிக்கையில் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை ஏறுகிறது. அடுத்த ஆண்டு நிதி வருகிறது. மூன்றாம் படியைப் பார்த்துவிட்டால் அந்த எண்ணிக்கை நிற்காது என்ற பயத்தைத் தவிர, அதைப் பார்க்காமல் இருப்பதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

ஐடிஐயின் வெல்டர் பிரிவில் மாணவன் வைத்த இணைப்பை வளைத்துப் பார்க்கிறார்கள். விரிசல் விட்டால் அதை அவன் கையிலேயே கொடுத்து எங்கே தப்பியது என்று காட்டித் திரும்ப வைக்கச் சொல்கிறார்கள். அதே கட்டடத்தில் சில அறைகள் தள்ளி, ‘எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்’ ஆசிரியர் கோபுர விளையாட்டை முடித்துவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். அவருடைய சான்றிதழ் முகாமின் கடைசி நாளே அவர் கைக்கு வந்துவிட்டது. அதை அன்றைக்குக் கொடுக்கக் கூடாது. அவருடைய சொந்த மாணவர்களோடு அவர் நடத்தும் மூன்று வகுப்புகளில், கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்து, முடிந்ததும் அரை மணி நேரம் அவரோடு பேசும் வரை அது தயாரித்தவர்களின் அலமாரியிலேயே இருக்கட்டும்.