தீ அணைப்போரும் தீ தடுப்போரும்

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து ஒடிசாவின் பரதீப் துறைமுகம் நோக்கி ஏறக்குறைய 270,000 தொன் மசகெண்ணெயைச் சுமந்து சென்றுகொண்டிருந்த நியூ டயமண்ட் என்னும் கப்பல், நமது கிழக்குக் கரையின் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் இயந்திர அறையில் தீப்பற்றி எரியத் தொடங்கியபோது, இலங்கைக் கடற்படையினரும் இந்தியக் கரையோரக் காவற்படையினரும் பல நாட்கள் அருகருகே நின்று நீரையும் நுரையையும் பாய்ச்சி, ஒருமுறை அடங்கிய தீ மறுபடி மூண்டபோதும் மனந்தளராது நின்று, அந்த எண்ணெயில் பெரும்பகுதி கடலிற் கலவாதபடி காத்தார்கள். கப்பற் சிப்பந்தி ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கடலில் இரு தேசத்தாரின் முறையும் ஒன்றாகவே இருந்தது. கட்டளைச் சொற்களும் கருவிகளும்கூடப் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் கரையேறி, ஊருக்குள்ளே தீயணைக்கும் உத்தியோகத்தை எடுத்துப் பார்த்தால், அதில் ஒருவர் எவ்வாறு பயில்கிறார், எவ்வாறு உயர்கிறார், எதுவரை உயரலாம் என்னும் விஷயங்களில் இரண்டு நாடுகளும் வெவ்வேறு வழியே சென்றிருப்பது புலப்படும்.

இலங்கையில் தீயணைப்புச் சேவை நகரத்தின் பிள்ளையாகவே பிறந்து, இன்றளவும் நகரத்தின் பிள்ளையாகவே இருந்து வருகிறது. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபைகளுக்குக் குப்பை அகற்றுதல், தெருவிளக்கு, சந்தை ஆகியவற்றோடு ஒன்றாக இதுவும் ஒரு கடமை. கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புத் திணைக்களம் நீண்ட பாரம்பரியமும் பிரதம தீயணைப்பு அதிகாரி முதலாகப் படிப்படியான பதவிகளும் உடையது. ஆயினும் அது கொழும்பின் சொத்து. 1967இல் மாநகர சபை அந்தஸ்துப் பெற்ற மட்டக்களப்பில் சபையின் தீயணைப்புப் பிரிவும், தெற்கே கல்முனையில் அவ்வூர்ச் சபையின் பிரிவும், தத்தம் வருமானத்துக்கும் தத்தம் ஆணையாளரின் ஊக்கத்துக்கும் ஏற்றபடி நடந்து வருகின்றன. பிரதேச சபைகளுக்கோ பெரும்பாலும் தனிப் படையே கிடையாது. தீ விபத்து நேர்ந்தால் 110ஐ அழைத்துவிட்டு, பக்கத்து நகரத்து வாகனம் வரும்வரை கிணற்றுநீரையும் வாழைமட்டையையும் நம்பியிருக்க வேண்டியதுதான்.

இதன் விளைவு என்னவென்றால், மட்டக்களப்பில் இளம் வயதில் தீயணைப்பு வீரராகச் சேரும் ஒருவர், எத்தனை திறமையும் தைரியமும் உடையவராயினும், தமது சபைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் மேலே எத்தனை பதவிகள் உண்டோ அவ்வளவுக்கே ஏற முடியும் என்பதாகும். மேலிருப்பவர் ஓய்வுபெறும்வரை கீழிருப்பவர் காத்திருக்க வேண்டும். கொழும்பிலோ கண்டியிலோ வெற்றிடம் உண்டானாலும் அது இவருக்கு இயல்பாகத் திறக்கும் வாயிலன்று. நமது அரச சேவைகளில் பதவி நிரந்தரத்துக்கும் சம்பள ஏற்றத்துக்கும் வைக்கப்படும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை என்னும் ஏற்பாடு, தாபனக் கோவையையும் நிதிப்பிரமாணத்தையும் மனனம் செய்த எழுதுவினைஞருக்கு ஏற்றதாக வகுக்கப்பட்ட ஒன்று. புகை நிறைந்த அறையில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டறியும் ஒருவரை அளக்க அதைவிட வேறான அளவுகோல் வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது.

இந்தியாவிலோ, சுதந்திரம் கிடைத்துப் பத்தாண்டு நிறைவதற்குள்ளேயே இந்த விஷயம் தேசியக் கவனத்தைப் பெற்றுவிட்டது. சுதந்திரத்துக்கு முன்னரே, 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, பருத்தியும் வெடிமருந்தும் ஒரே வயிற்றில் ஏற்றப்பட்டிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்னும் கப்பல் பம்பாய் விக்டோரியா துறையில் வெடித்துச் சிதறியதில், தீயணைக்கச் சென்ற 66 வீரர்கள் மாண்டார்கள். அந்த நாளே இன்றும் தீயணைப்பு வீரர் நினைவு நாளாக அங்கே அனுஷ்டிக்கப்படுகிறது. 1956இல் மத்திய உள்துறை அமைச்சு தீயணைப்புக்கான நிலையான ஆலோசனைக் குழுவொன்றை நியமித்தது. அதே ஆண்டு ராம்பூரில் தொடங்கப்பட்ட தேசியத் தீயணைப்புச் சேவைக் கல்லூரி, அடுத்த ஆண்டே நாகபுரிக்கு மாற்றப்பட்டு, சப்-ஆபீசர், ஸ்டேஷன் ஆபீசர், டிவிஷனல் ஆபீசர் என்று பதவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாடநெறி வகுத்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் தீப் பொறியியலில் பட்டப்படிப்பும் அங்கே ஆரம்பமாயிற்று. பதவிக்குப் பாடநெறி என்னும் இந்த ஒழுங்கே இந்திய முறையின் சாரம்.

தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டால், 1908இல் சென்னை நகரத்தில் உருவான தீயணைப்புப் படை காலப்போக்கில் மாநிலம் முழுவதற்கும் பொதுவான துறையாக வளர்ந்து, 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டத்தால் ஒழுங்குபெற்று, இன்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என வழங்குகிறது. வேதாரணியத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ தீயணைப்போராகச் சேர்ந்தவர் முன்னணித் தீயணைப்போர், நிலைய அலுவலர், உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர் என்று ஒரே மாநிலப் பட்டியலில் ஏறலாம். தாம்பரத்திலுள்ள மாநிலப் பயிற்சி மையத்துக்கும், தேர்வு பெற்றால் நாகபுரிக்கும் செல்லலாம். சிற்றூர் நிலையத்தில் பாம்பு பிடிப்பதிலும் கிணற்றில் விழுந்த பசுவைத் தூக்குவதிலும் காலங்கழித்தவருக்கும் அந்த வாயில் அடைபடுவதில்லை.

இதைக் கேட்டவுடன், அக்கரையில் எல்லாம் பசுமை என்று முடிவுகட்டிவிடும் நம்மவர் பழக்கத்துக்கு நான் இடங்கொடுக்க விரும்பவில்லை. அந்த ஏணியின் நடுப்படிகளிலே வெளியிலிருந்தும் ஆட்கள் ஏறுகிறார்கள். நிலைய அலுவலர் பதவியில் ஒரு பகுதி சீருடைப் பணியாளர் தேர்வு வழியாகவும், மாவட்ட அலுவலர் பதவியில் ஒரு பகுதி அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வு வழியாகவும் நேரடியாக நிரப்பப்படுவதால், குழாயைத் தோளில் சுமந்தே நரைத்தவர், புத்தகம் படித்து வந்த இளையவருக்கு வணக்கம் செலுத்தும் நிலை உண்டாகிறது. இதில் மனத்தாங்கல் இல்லையென்று சொல்ல முடியாது. எனினும், 2003இல் அவ்வழியே நேரடி அதிகாரிகளாக வந்த முதற் பெண்களாகிய பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் இருவரில் முன்னவர், 2012 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்து எழிலகத்தின் பழைய மாளிகை எரிந்தபோது உள்ளே சென்று கடுமையான தீக்காயம் அடைந்தார் என்பதையும், வீரர் ஒருவர் அங்கே உயிர் துறந்தார் என்பதையும் நினைக்கும்போது, பரீட்சை எழுதி வந்தவர்கள் பாதுகாப்பான தூரத்தில் நிற்பார்கள் என்னும் பழிச்சொல் எப்போதும் பொருந்தாது என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டு முறையின் உண்மையான குறை வேறோரிடத்தில் இருக்கிறது. 1997 ஜூன் 7ஆம் திகதி தஞ்சைப் பெரிய கோயிலின் யாகசாலைப் பந்தல் எரிந்து 48 பேர் மாண்டார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16ஆம் திகதி கும்பகோணத்துப் பள்ளியொன்றில், சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. மூன்று இடங்களிலும் கூரை ஓலை. மூன்று இடங்களிலும் கூட்டம் மிகுதி, வெளியேறும் வழி குறைவு. வீரர்கள் விரைந்து வந்தாலும் அவர்கள் வருமுன்னரே காரியம் முடிந்துவிடும் தன்மையுடையவை இவை. தீ தோன்றுவதற்கு ஆறு மாதம் முன்னே ஒருவர் வந்து, இந்தக் கூரையைக் கழற்று, இந்தக் கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்று என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு அவருக்குப் படிப்பும், சொன்னதைச் செய்விக்க அவருக்கு அதிகாரமும் இருந்திருக்க வேண்டும். இந்தியாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் நான்காம் பகுதி முழுவதும் தீப் பாதுகாப்புக்கே ஒதுக்கப்பட்டிருந்தும், அதைக் கையில் எடுத்துச் சென்று கட்டிடங்களைச் சோதிப்பவர் பெரும்பாலும் தீயணைப்பு அதிகாரியே. தடையின்மைச் சான்று வழங்குவது அவருடைய பல வேலைகளுள் ஒன்று. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் தன் தரங்களில் தீப் பரிசோதகரை மூன்று படிகளாக வகுத்து, வீரர் பயிற்சியினின்றும் வேறான தனித் தகைமை வேண்டும் என்று விதித்திருப்பதைப் பார்க்கும்போது, இந்தியத் துறையும் அணைப்பதையே முதன்மையாகவும் தடுப்பதை உபதொழிலாகவும் கருதிவந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இலங்கையில் இந்தத் தடுப்பு வேலை இன்னும் சிதறிக் கிடக்கிறது. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் அதன் கீழ் வந்த கட்டிட ஒழுங்குவிதிகளும் ஒருபுறம். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திக்கான அரச நிறுவனம் வெளியிட்டு, 2018இல் புதுப்பிக்கப்பட்ட தீ ஒழுங்குவிதிகள் மறுபுறம். உயர்ந்த மாடிகளுக்கு இவை போதிய கவனம் செலுத்துகின்றன. ஆனால் மட்டக்களப்பில் ஒரு கடைத்தொகுதியின் வரைபடத்தைப் பார்த்துத் தீப் பாதுகாப்பை நிதானிக்க வேண்டியவர், நேற்றிரவு வயலோரத்து வைக்கோற்போரில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவராகவே இருக்கக் கூடும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் வீட்டுச் சமையல் எரிவாயுத் தொகுதிகள் அடுத்தடுத்து வெடித்தபோது, காரணத்தை ஆராயப் பல்கலைக்கழகப் பேராசிரியரைத் தலைவராகக் கொண்டு விசேஷ குழு நியமிக்க நேர்ந்தது. நல்ல காரியமே. எனினும் வெடித்த அடுப்படியில் முதலில் கால்வைத்தவர் உள்ளூர்த் தீயணைப்பு வீரர். இறப்பர்க் குழாயையும் அமுக்கச் சீராக்கியையும் தொட்டுக் கலைக்காமல் குறிப்பெடுக்கும் பயிற்சி அவருக்கு இருந்திருந்தால் குழுவின் வேலை எத்தனையோ இலகுவாகியிருக்கும்.

இனி நமது வாவிப் பிரதேசத்துக்கு வருவோம். வடக்கே ஏறாவூர்ப் பற்றிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக வகுத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் மக்கள் 520,000க்கும் மேற்பட்டவர். கடைத்தெருக்களும் ஆஸ்பத்திரியும் காரியாலயங்களும் காத்தான்குடியின் நெருக்கமான வீதிகளும் எழுவான்கரையில். நெல்வயலும் வைக்கோலும் கிடுகுக் கூரைகளும் பெரும்பாலும் படுவான்கரையில். 2013இல் கல்லடிக்குப் புதிய பாலமும், அதற்கு அடுத்த ஆண்டு மண்முனைப் பாலமும் வந்தமையால் நிலைமை பெரிதும் சீர்ப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் நெடுங்காலம் போக்குவரத்துச் செய்தது ‘பாதை’ என்று நாம் வழங்கும் மிதவையே. நீர் நிரம்பிய தீயணைப்பு வாகனத்தை ஏற்றிச் செல்ல வகுக்கப்பட்டதன்று அது. நகரத்திலிருந்து புறப்படும் வாகனம் பாலங்களைச் சுற்றி வெல்லாவெளிப் பக்கத்துக் குடிசையொன்றை அடையும்போது, கிடுகு வீடு சாம்பலாகி, அயலவர் அடுத்த வீட்டின் கூரையைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். இதற்கு வீரர்களைக் குறைகூறுதல் அநியாயம். தண்ணீர் மிகுந்த பிரதேசமே தண்ணீர் வண்டியைத் தாமதப்படுத்துகிறது.

அன்றியும், வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு, பாண்டிருப்புத் திரௌபதையம்மன் ஆலயத்துத் தீமிதிப்பு, மாமாங்கத்து ஆடியமாவாசை என்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பந்தலின் கீழ் கூடும் தேசம் இது. கிடுகும் கற்பூரமும் தற்காலிக மின்கம்பியும் ஓரிடத்தில் சேரும்போது தஞ்சையில் நடந்தது இங்கே நடவாது என்பதற்கு அம்மன் அருளைத் தவிர வேறு உத்தரவாதம் எதையும் நாம் ஏற்படுத்தவில்லை. ஆகையால், வாகனம் தாமதித்தே வரக்கூடிய இப்பிரதேசத்தில் பரிசோதகர் முந்தி வரவேண்டும் என்பதும், மட்டக்களப்பு வீரர் ஒருவரின் தொழில் உயர்வு, இன்னும் பெரிய வாகனத்தின் முன்னாசனத்தை நோக்கியதாக மட்டும் இராமல், தீ தடுக்கும் உத்தியோகத்தை நோக்கியும் செல்ல வேண்டும் என்பதும் என் துணிபு.

இதற்கு முன்மாதிரி தேடி நாகபுரிவரை போகவும் வேண்டியதில்லை. நமது பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பணியிலிருந்து வளர்ந்த தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம் போன்ற இடங்களில் முறையாகப் பயின்று, தமக்கென வரையறுத்த பிரதேசத்தில் கிணறு, உணவுக்கடை, நுளம்பு பெருகும் சிரட்டை ஈறாக யாவற்றையும் சோதித்து, வேண்டுமானால் நீதிமன்றம் ஏறும் அதிகாரமும் உடைய அவரை, ஊரார் விரும்பினாலும் வெறுத்தாலும் அறியாதிருப்பதில்லை. இந்தியாவில் ஒவ்வொரு சிற்றூரிலும் இத்தகைய செல்வாக்குடைய சுகாதார உத்தியோகத்தரைக் காண்பது அரிது. நோய் தடுப்பதைத் தனித் தொழிலாக்கிய தேசத்துக்குத் தீ தடுப்பதைத் தனித் தொழிலாக்குவது இயலாத காரியமன்று; ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரிசி ஆலையையும், எரிவாயு விற்பனை நிலையத்தையும், திருவிழாவுக்கு முன் பந்தலையும் சென்று பார்க்கும் ஒருவரை நியமிக்கத் தேவையானது கட்டிடமோ கோபுரமோ அல்ல, ஒரு சேவைப் பிரமாணக் குறிப்பு.

தமிழ்நாட்டிடம் நாம் கேட்டுப் பெறவேண்டியது வேறொன்று உண்டு. கொழும்புக்குப் பயிற்சிக்குச் செல்லும் நமது வீரர் சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ துணைக்கொள்ள வேண்டியிருக்கிறது. தீப் பொறியியலாளர் நிறுவனத்தின் தேர்வுகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தாம்பரத்திலோ, பாய்ச்சுநீரின் அமுக்கம் முதல் மூச்சுக்கருவியின் பராமரிப்பு வரை, தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விளங்கிக்கொள்ள ஓர் ஆசிரியர் மரபு உண்டு. இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டம் 1964 முதலாக அயல்நாட்டு உத்தியோகத்தருக்குப் பயிற்சி அளித்து வருகிறது. அதன் மூலமாகவோ, அந்த மாநிலத்து அதிகாரிகளும் நமது மாகாண அதிகாரிகளும் நேரே பேசியோ, மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் சிலரை அங்கே அனுப்பி, அவர்களே திரும்பி வந்து கிழக்கு மாகாணத்துக்குத் தமிழ்ப் பாடநெறியொன்றை வகுக்கும்படி செய்தல் பெருஞ்செலவு பிடிக்கும் யோசனையன்று. ஒரே நிபந்தனை: அவர்கள் போகுமுன்னரே, திரும்பி வந்து அமரவேண்டிய பரிசோதகர் பதவி மாகாணத்தின் ஆட்சேர்ப்புத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிடில் பயின்று வந்தவர் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழையபடி வண்டியின் பின்னே தொற்றிக்கொள்வார்; அடுத்த ஆண்டு இன்னொருவரை அனுப்புவது பற்றி இன்னொரு குழு கூடும்.