மணிக்கூட்டு மரபுகளும் தராதரமும்

எங்கள் மணிக்கூட்டுச் சங்கத்தின் மலர்க் குழுவினர் சேகரிப்பாளர் கனவு காணும் கைமணிக்கூடுகளைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். சங்கத்தில் என்னிலும் அறிந்த மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதவேண்டிய பொருள் இது. ஆனாலும் தலைவர் ஐயாவின் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. அந்த மூத்தவர்களுடைய ஆசியோடு எழுதுகிறேன்.

எஸ்கேப்மென்ட் ஓடும் விதத்தையோ, 1969 நத்தார் நாளன்று சீக்கோ அஸ்ட்ரோன் வெளிவந்து சுவிஸ் தொழிலின் அடித்தளத்தையே அசைத்த கதையையோ இங்கே திருப்பிச் சொல்லத் தேவையில்லை; நம்மவர்க்கு அது மனப்பாடம். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். பஸ் நிலையத்தடியில் வாங்கும் குவாட்ஸ் மணிக்கூடு மாதத்துக்கு அரை நிமிடத்துக்குள்தான் பிழைக்கும். சுவிஸ் குரோனோமீற்றர் சான்றிதழோ நாளொன்றுக்கு நான்கு செக்கன் பிந்தவும் ஆறு செக்கன் முந்தவும் இடம் கொடுக்கிறது. ஆகவே நேரம் பார்ப்பதற்காக ஒருவரும் பட்டேக் பிலிப் தேடி அலைவதில்லை. செய்தவனின் கைவேலை, செய்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நம்மிடம் வந்து சேரவேண்டும் என்ற ஏக்கம்தான் சேகரிப்பாளனைப் பிடித்து ஆட்டுவது. பாடசாலைக்குப் பாடசாலை வழி வேறு. ஏக்கம் ஒன்று.

ஜெனீவா மரபில் முதலிடம் பட்டேக் பிலிப்புக்கு. 1839இல் தொடங்கிய நிறுவனம். 1932இல் வந்த 96ஆம் இலக்கக் கலத்ராவாவைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத் தெரியும், முப்பது மில்லிமீற்றர் சொச்ச வட்டத்துக்குள் எதைக் கூட்டினாலும் பிழை, எதைக் குறைத்தாலும் பிழை. ஆனால் அதன் உண்மையான அழகு பின்மூடியைக் கழற்றினால்தான் வெளிவரும். இயந்திரத்தைத் தாங்கும் பாலங்களின் விளிம்பைச் சரிவாக அராவி, பிறகு மரக்குச்சியில் பசை தடவித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். இரண்டு சரிவுகள் உட்புறமாகச் சந்திக்கும் கூர்மூலை ஒன்று வரும்; சுழலும் கருவி அதற்குள் போகாது, மனிதக் கைதான் போகும். வாங்கியவர் வாழ்நாளில் ஒருதரமும் பார்க்காத இடம் அது. பார்ப்பதற்கு ஆளில்லாத இடத்திலும் வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்துக்குத்தான் 1886இல் ஜெனீவா முத்திரை என்று ஒரு சட்டமே செய்தார்கள்.

வெளியிலுள்ளவர்களுக்கு விளங்காத ஒன்று இங்கே உண்டு. தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கேட்கும் சமூகம் நம்முடையது, பொன்தான் அளவுகோல். பட்டேக் 1941இல் வெளியிட்ட 1518ஆம் இலக்கம், நிரந்தர நாட்காட்டியும் குரோனோகிராபும் சேர்ந்தது. பெரும்பாலும் பொன்னில்தான் செய்தார்கள். நாம் எவர்சில்வர் என்று சொல்லும் உருக்கில் செய்தவற்றில் நான்குதான் வெளித்தெரிய வந்தன. 2016இல் அவற்றிலொன்று ஜெனீவா ஏலத்தில் 1 கோடியே 10 இலட்சம் பிராங்குக்குப் போனது. அதுவரை பொன் உறையில் வந்த 1518 ஒன்றும் அதன் கிட்டவும் வந்ததில்லை. அரிதாக இருப்பது ஒரு காரணம். உருக்கை வெட்டுவதும் மெருகிடுவதும் பொன்னைவிடக் கடினம், கை தவறினால் மறைக்க வழியில்லை என்பது இன்னொரு காரணம்; தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது.

ஓடமார் பிகே அந்தக் கருத்தை எல்லோரும் காணும்படி வெளியே கொண்டுவந்தது. 1972இல் அதன் ரோயல் ஓக் மணிக்கூடு உருக்கில் வந்தபோது அதன் விலை 3,300 பிராங்க், பல தங்க மணிக்கூடுகளை மிஞ்சிய விலை. வரைந்தவர் ஜெரால்ட் ஜென்டா. நான்கு ஆண்டு கழித்துப் பட்டேக்குக்கு நோட்டிலஸ் வரைந்தவரும் அவரே. எட்டுப் பக்க வளையம், எட்டுத் திருகாணி. கோடு கோடாக இழைத்த மங்கலான தட்டை முகம் ஒருபுறம், பளபளக்கும் ஒடுங்கிய சரிவு மறுபுறம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு விளிம்பு. அந்த விளிம்பை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

றோலெக்ஸ் பிரிவினர்தான் நம் சங்கத்தில் பெரும்பான்மை. அவர்களுடைய பற்று எனக்கு நன்றாக விளங்கும். 1926இல் தண்ணீர் புகாத ஒய்ஸ்ரர் உறை, 1931இல் தானே முறுக்கேறும் பெர்பெச்சுவல், 1950களில் சப்மரீனர் என்று வேலை செய்யும் மனிதனுக்காகவே உழைத்த வீடு அது. நடிகர் போல் நியூமன் கட்டிய டேற்றோனா 2017 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் 1 கோடியே 77 இலட்சத்து 52 ஆயிரத்து 500 டொலருக்கு ஏலம் போனதை அறிவோம். அதன் டயல், வந்த காலத்தில் கடைகளில் தேங்கிக் கிடந்த வகை. பின்மூடியில் கவனமாக வண்டி ஓட்டும்படி மனைவி பொறிப்பித்த சொற்கள். மகளின் காதலரிடம் நேரம் கேட்டு, அந்தப் பிள்ளையிடம் மணிக்கூடு இல்லையென்று அறிந்து, தன் கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார் நியூமன். பொறித்த எழுத்து அழியாமல் இருந்ததாலேயே அந்தக் கதைக்குச் சாட்சி இருந்தது.

றோலெக்ஸின் ஜீ.எம்.ரி. மாஸ்டரைப் பற்றி வவுனியாக்காரருக்குத் தனி உரிமை உண்டு என்பது என் எண்ணம். பான் ஆம் விமானிகளுக்கு இரண்டு நாட்டு நேரம் காட்டச் செய்தது அது. நாமோ ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம் கண்டவர்கள். 1996இல் இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளியது. அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னியில் பழைய நேரமே நின்றது. 2006 ஏப்ரலில்தான் இரண்டும் ஒன்றாயின. இடைப்பட்ட காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தால் அரை மணித்தியாலம் மாறும். பழைய நேரமா, புதிய நேரமா என்று கேட்காமல் ஒரு கலியாண வீட்டுக்கும் போகமுடியாது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபிறகு வெளிநாட்டிலிருந்து வந்த அன்பர் ஒருவர் தம் பழைய ஜீ.எம்.ரி.யை என் தொழில் ஆசிரியரிடம் சேர்விஸுக்குக் கொண்டுவந்தார். டயலைச் சுற்றிய அந்தக் கால வளையத்துக்குக் கிளிக் கிடையாது, உராய்வில்தான் நிற்கும். ஆசிரியர் அதை மெதுவாக அரை மணி அளவுக்குத் திருப்பி, வவுனியா நேரமும் கிளிநொச்சி நேரமும் ஒரே முகத்தில் தெரியக் காட்டினார். அந்த வளையத்தை அவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய மனிதர் உலகில் வேறு எவரும் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் நிலவுக்குப் போனதை யாரும் மறக்கமாட்டார்கள்; அதைப் பற்றி எழுதத் தகுதியான மூத்தவர் சங்கத்தில் இருப்பதால் நான் விலகிக்கொள்கிறேன். 1960இல் தொடங்கிய கிராண்ட் சீக்கோ மரபு, உறையின் தட்டை முகம் அலையில்லாமல் நிற்கவேண்டும் என்பதில் சுவிஸுக்கு இம்மியும் குறைந்ததல்ல. நம் வசதிக்கு எட்டிய கனவு எச்.எம்.ரி. பெங்களூரில் சிற்றிசனின் துணையோடு 1961இல் பிறந்து 2016இல் மூடப்பட்டது. அதன் பிறகுதான் அதன் அருமை பலருக்குத் தெரிந்தது.

இனி நான் படித்த பாடசாலை. எங்கள் ஆசிரியரை உறுப்பினர் எல்லோருக்கும் மாஸ்டர் என்றால் தெரியும். தம் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று சொல்லிப் போனவர். அந்தச் சொல்லை மதிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தொழிற்கருவிகளைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தார். கிளிநொச்சி, மல்லாவி என்று அலைந்து கடைசியில் வவுனியா மன்னார் வீதியில் நெளுக்குளத்தில் மேசை போட்டார். வன்னியில் அவர் இருந்த காலம் பொருளாதாரத் தடைக் காலம். பற்றரி உள்ளே வராது. குவாட்ஸ் மணிக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. பெட்டிக்குள் கிடந்த ரோமர், பேவர்-லூபா, சீக்கோ 5, அகதியாக இந்தியா போய்வந்தவர்களின் எச்.எம்.ரி. எல்லாம் மறுபடி கையேறின. பெற்றோல் துளியாகக் கிடைத்த அந்த நாளில் ஊசிமருந்துப் போத்தலின் மூடிக்குள் சில சொட்டு விட்டு, கூராக்கிய வேப்பங்குச்சியால் கல்லின் துளைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். உடைந்த பலன்ஸ் அச்சுக்கு மாற்று வராது. வில் கட்டி இழுக்கும் சிறு கடைசலில் தானே கடைந்து போடுவார்.

அவருடைய முறையில் இரண்டு விசயம் முக்கியம். முதலாவது, இரண்டு தரம் பூட்டுவது. ஒருதரம் பூட்டி, ஓடவிட்டு, பிழை பார்த்து, முழுவதையும் திரும்பக் கழற்றிக் கழுவி மறுபடி பூட்டுவார். ஜேர்மனியில் கிளாஸ்ஹூற்றே ஊரில் லாங்கே வீட்டாரும் இதே முறைதான் என்று அவருக்கு அப்போது தெரியாது. பின்னாளில் ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு புத்தகத்தில் லாங்கேயின் கதையை வாசித்துக் காட்டினோம். 1845இல் தொடங்கிய தொழிற்சாலை. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாளில் குண்டு விழுந்தது. 1948இல் அரசு பறித்தது. அந்தக் குடும்பத்து வால்ட்டர் லாங்கே மேற்கே தப்பியோடினார். 1990 டிசம்பர் 7இல், தொடங்கிய அதே திகதியில், அதே ஊருக்குத் திரும்பிவந்து பெயரைப் பதிந்தார். 1994இல் லாங்கே 1 வெளிவந்தது. மாஸ்டர் நெடுநேரம் பேசவில்லை. ஆசைப்படும் மணிக்கூடு எது என்று கேட்பவர்களுக்கு அதன்பிறகு அவர் சொன்ன பெயர் அது ஒன்றுதான். லாங்கேயில் பலன்ஸைத் தாங்கும் சிறு பாலத்தில் கையால் செதுக்கிய பூவேலை ஒவ்வொன்றிலும் வேறுபடும். செதுக்கியவர் யாரென்று அறிந்தவர் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, உறையில் கைவைக்கமாட்டார். கீறல் இருந்தால் இருக்கட்டும். பின்மூடியின் உட்புறத்தில், முன்னே திருத்தியவர்கள் ஊசியால் கீறிய திகதிகளுக்குக் கீழே, தன் திகதியை அதே அளவில் கீறிவிடுவார். அவ்வளவுதான். திருகாணித் தலைகளின் வெட்டில் ஒரு பிசிறும் இல்லாமல், உறையில் பழைய கீறல் அத்தனையும் அப்படியே இருக்கும் மணிக்கூடு நம் பகுதியில் கிடைத்தால் அது அவர் மேசையால் வந்தது என்று நம்பலாம்.

இந்த இடத்தில் என் மனக்குறையைச் சொல்லாமல் போகமுடியாது. யாரையும் குறித்துச் சொல்லவில்லை. இன்று தொழில் செய்பவர்கள் பலர் திறமைசாலிகள், சிலர் எனக்கு வேண்டியவர்கள். ஆனாலும் மினுக்கும் சில்லு வந்தபிறகு நம் தராதரம் எங்கே போய்விட்டது? பச்சைச் சோப்பைத் தடவி, சுழலும் துணிச் சில்லில் உறையைப் பிடித்தால் ஒரு நிமிடம் போதும். ரோயல் ஓக்கின் அந்த விளிம்பு உருண்டுவிடும். சப்மரீனரின் பட்டி கோக்கும் காதுகள் மெலிந்துவிடும். பழைய றோலெக்ஸில் காதுகளுக்கிடையே வெட்டிய இலக்கம் மங்கும். பொன் உறையின் அடியில் அடித்த சுவிஸ் முத்திரையின் பெண்தலை வெறும் மேடாகப் போய்விடும். போன உலோகத்தை எவராலும் திருப்பி வைக்கமுடியாது. திருப்பணி என்ற பெயரில் கோயிற்சுவரில் மணல் அடித்துக் கல்வெட்டை அழிப்பவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?

கலியாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளையின் தகப்பனுடைய ஒமேகாவைக் கொண்டுபோய் மினுக்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர், பாட்டனாரின் மணிக்கூட்டைப் புதிதுபோல் ஆக்கித் தரச் சொல்கிறார். மாட்டேன் என்று சொல்ல ஆளில்லை. பாட்டனார் இடம்பெயர்ந்தபோது பட்ட கீறல், பங்கர் விளிம்பில் உரசிய தழும்பு, எல்லாம் அரை மணித்தியாலத்தில் போய்விடுகிறது. போரில் படம் போனது, காணி உறுதி போனது, வீடு போனது. மிஞ்சிவந்த ஒரு பொருளின் முகத்தையும் நாமே கூலி கொடுத்து அழிப்பிக்கிறோம். இதைவிடக் கொடுமை மும்பாயிலிருந்து வரும் மறுபூச்சு டயல்கள். எச்.எம்.ரி.யும் பேவர்-லூபாவும் அவை பிறந்த காலத்தில் காணாத நிறங்களில் வந்து இறங்குகின்றன. இளையவர்கள் அதையே அசல் என்று படிக்கிறார்கள். ஒரு தலைமுறை பிழையான டயலைப் பார்த்து வளர்ந்துவிட்டால், சரியானதைக் காட்டும்போது அதையே போலி என்று சொல்லும். தொழில் நலிவதற்குப் பற்றரியும் கைபேசியும்தான் காரணம் என்று கூட்டங்களில் பேசுகிறோம். இல்லை. பற்றரி வந்தும் ஜெனீவா நின்றது, கிளாஸ்ஹூற்றே எழுந்தது. நம்மை அழிப்பது நம் மேசையிலேயே சுழலும் அந்தச் சில்லு.

ஆகவே மூத்தவர்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள். சங்கக் கண்காட்சியில் மினுக்கிய உறைகளும் மறுபூச்சு டயல்களும் தனி மேசையில் வைக்கப்படட்டும். ஒவ்வொரு மணிக்கூட்டின் பக்கத்திலும் எது அசல், எது மாற்றியது என்று அட்டையில் எழுதட்டும். பரிசுக்கு மதிப்பிடும்போது பளபளப்புக்குப் புள்ளி கொடுக்கும் வழக்கம் இந்த ஆண்டோடு நிற்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக முன்மொழியத் தலைவர் ஐயா அனுமதிக்க வேண்டும். வழிமொழிய மாஸ்டரின் மாணவர்கள் இருக்கிறார்கள்.