கேட்காததும் இல்லாததும்

என் அப்பாவுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. இன்னொன்று, கேட்டாச்சு, ‘இல்லீங்க’ன்னு அவரும் சொல்லிட்டார். முதலாவது ‘நல்’. இரண்டாவது எம்ப்டி ஸ்ட்ரிங்: நீளம் பூஜ்யம், ஆனாலும் அது ஒரு மதிப்பு.

போஸ்ட்கிரெஸ் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. ஆரக்கிள் டேட்டாபேஸோ எம்ப்டி ஸ்ட்ரிங்கையும் ‘நல்’ என்றே எடுத்துக்கொள்கிறது. அங்கே அதன் நீளத்தைக் கேட்டால் பூஜ்யம் வராது, ‘நல்’தான் வரும். எஸ்க்யூஎல்லில் சமக்குறி போட்டு ‘நல்’லை எதோடு ஒப்பிட்டாலும், இன்னொரு ‘நல்’லோடு ஒப்பிட்டாலும்கூட, விடை ‘தெரியாது’. ஆகவே குடும்பப் பெயர் எம்ப்டி ஸ்ட்ரிங்குக்குச் சமமா என்று அங்கே தேடினால் ஒரு ரெக்கார்டுகூட வராது. அப்பாவும் வரமாட்டார்.

1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் ‘நல்’ ரெஃபரன்ஸைச் சேர்த்த டோனி ஹோர், 2009இல் அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்றார். டேட்டாபேஸ் ‘நல்’லுக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. எனக்கு ‘நல்’ மேல் அவ்வளவு கோபமில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்வது நேர்மைதான். பதில் சொன்னவரையும் தெரியாதவர் கணக்கில் சேர்ப்பதுதான் தப்பு. அப்பா சொன்ன ‘இல்லை’ ஒரு முழுமையான பதில். அதைப் பதிந்துவைக்க இடமில்லாத மென்பொருள் அவரிடம் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருக்கும்.